பிடிஓவில் எமியுலேட் பிரிப்பேர்: விடுவதா, நிறுத்துவதா? லிமிட் பிழையில் தொடங்கிய கேள்வி

அலஸ்தோட்டம்_பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளிப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்கு அறை முன்பதிவு மென்பொருளைத் திருத்தி எழுதிக் கொடுக்கிறேன். மொழி பிஎச்பி, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். யாரோ எப்போதோ எழுதிய பழைய கோட். படிவத்தில் வந்த மதிப்பையெல்லாம் புள்ளி வைத்து வினவலோடு (தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்கியூஎல் கட்டளையோடு) ஒட்டி அனுப்புகிற வகை.

திருத்தச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சீசன் தொடங்கியதும் ஒரு பறங்கிக் குடும்பம் இணையத்தில் அறை பிடிக்கப் பார்த்திருக்கிறது. பெயர் டி'சில்வா. பெயரை அடித்து அனுப்பியதும் திரையில் 1064 பிழை, வினவலின் இலக்கணம் பிழை என்று. அதோடு வினவல் முழுவதும், அட்டவணைப் பெயர், நிரல்களின் பெயர் எல்லாம் கொட்டிக் கிடந்தது. பெயருக்குள் இருந்த ஒற்றை மேற்கோள் குறி மதிப்பை இடையில் முடித்துவிட்டது, அது செய்த வேலை. விடுதிக்காரர் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

இப்போது எல்லா இடத்திலும் பிடிஓ (பிஎச்பியில் இருந்து தரவுத்தளத்தோடு பேசும் இடைமுகம்) போட்டு, மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து வினவலைத் தயார் செய்யும் பிரிப்பேர், மதிப்பைக் கொடுத்து ஓட்டும் எக்ஸிகியூட் என்று மாற்றிவிட்டேன். டி'சில்வா பிரச்சினை தீர்ந்தது. புதிய சிக்கல் இதுதான்: முன்பதிவுப் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் இடத்தில் எத்தனையாவதில் இருந்து எத்தனை நிரை என்று சொல்லும் லிமிட்டுக்கு இரண்டு கேள்விக்குறி வைத்து, எக்ஸிகியூட்டுக்குள் வரிசையாக மதிப்புகளைக் கொடுத்திருக்கிறேன். லேப்டொப்பில் ஓடுகிறது. சேர்வரில் ஏற்றினால் பட்டியல் வெறுமையாக வருகிறது. லாக்கைத் தோண்டிப் பார்த்தால், ''20', '20'' என்ற இடத்துக்குப் பக்கத்தில் பிழை என்கிறது.

லேப்டொப்பில் பிஎச்பி 8.2, சேர்வரில் 7.4. லேப்டொப் கோட்டில் ஏடிடிஆர்_எமியுலேட்_பிரிப்பேர்ஸ் (வினவலைச் சேர்வரில் தயார் செய்யாமல் பிடிஓவே நிரப்பி அனுப்பும் செட்டிங்) என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்திருக்கிறது, சேர்வரில் இருக்கும் இணைப்புக் கோப்பில் அந்த வரியே இல்லை. இதுதான் காரணமா? ஃபால்ஸ் போடுவது நல்லதா? இன்னொன்று, பழைய ஆட்கள் சிலர் மேற்கோள் குறிக்கு முன்னால் சாய்கோடு போட்டுத் தரும் ரியல்_எஸ்கேப்_ஸ்ட்ரிங் போட்டாலே போதும், இவ்வளவும் தேவையில்லை என்கிறார்கள். அதையும் யாராவது விளங்கப்படுத்துங்கள்.


கிண்ணியா_நானா:

தம்பி, உங்கள் ஊகம் சரி. முதலில் பட்டியலை ஓட வைப்போம். எக்ஸிகியூட்டுக்குள் வரிசையாகக் கொடுக்கும் எல்லா மதிப்பையும் பிடிஓ எழுத்துச்சரமாகத்தான் எடுக்கும். எமியுலேட் ஓடும்போது எழுத்துச்சரத்துக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் போட்டு வினவலுக்குள் வைக்கும். லிமிட் '20', '20' என்று போனால் மைஎஸ்கியூஎல் ஏற்காது, அங்கே வெறும் எண்தான் வர வேண்டும்.

பைண்ட்வேல்யூ எடுத்து, மதிப்பை இன்ட் ஆக மாற்றி, மூன்றாவது இடத்தில் பாரம்_இன்ட் கொடுங்கள். இன்ட் ஆக மாற்றுவதை விட்டுவிடாதீர்கள். இணைய முகவரியில் இருந்து வரும் பக்க எண் எப்போதும் எழுத்துச்சரமாகத்தான் வரும். இப்படி எழுதினால் எமியுலேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும்.

ஃபால்ஸ் போடலாமா என்பதை மற்றவர்கள் வந்து சொல்லட்டும். அதில் எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது, பிறகு கதைப்போம்.


ஓர்ஸ்ஹில்_வாத்தியார்:

நல்ல கேள்வி பிள்ளை. இதைப் படிப்பிக்கும்போது பிரிப்பேர் போட்டால் பாதுகாப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவதில்லை. அதனால்தான் ஒரு செட்டிங் மாறியதும் எங்கே தேடுவது என்று தெரியாமல் போகிறது.

மைஎஸ்கியூஎல் 4.1 பதிப்பில் இருந்தே சேர்வர் தானாக வினவலைத் தயார் செய்து வைக்கும் வசதி இருக்கிறது. வினவல் கேள்விக்குறிகளோடு முதலில் போகும். சேர்வர் அதைப் படித்து, இலக்கணம் பார்த்து, ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பிறகு அந்த எண்ணும் மதிப்புகளும் மட்டும் தனியாகப் போகும். அரச கச்சேரிப் படிவத்தில் பெயருக்கு உள்ள கட்டத்துக்குள் எதை எழுதினாலும் படிவத்தின் கேள்வி மாறாது அல்லவா, அப்படித்தான் இது. மதிப்புக்குள் மேற்கோள் குறி இருந்தாலும், அட்டவணையை அழிக்கும் ட்ராப் டேபிள் என்று எழுதியிருந்தாலும் அது வெறும் மதிப்பு.

பிடிஓவின் மைஎஸ்கியூஎல் டிரைவர் (அந்தத் தரவுத்தளத்தோடு பேசும் பகுதி) ஒன்றும் சொல்லாவிட்டால் இப்படிச் செய்யாது. வினவலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எக்ஸிகியூட் வரும்போது மதிப்புகளைத் தப்பிக்க வைத்து (எஸ்கேப், அதாவது மேற்கோள் போன்ற குறிகளுக்கு முன்னால் சாய்கோடு போட்டு), மேற்கோள் போட்டு, முழு வாக்கியமாக ஒரே தடவையில் அனுப்பும். இதுதான் எமியுலேட். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் டிரைவர் அப்படியில்லை, அது சேர்வரிலேயே தயார் செய்யும். பழைய மைஎஸ்கியூஎல்லில், 5.1.17 வரைக்கும், தயார் செய்த வினவல்கள் குவெரி கேஷில் (விடைகளை நினைவில் வைத்திருக்கும் இடத்தில்) சேராது. அந்தக் காலத்தில் எமியுலேட் வைத்திருந்ததில் நியாயம் இருந்தது. மைஎஸ்கியூஎல் 8.0 இல் குவெரி கேஷையே எடுத்துவிட்டார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். லேப்டொப்பில் மட்டும், மைஎஸ்கியூஎல்லுக்குள் போய் வந்த வினவல் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் ஜெனரல்_லாக் என்பதை 1 ஆக்குங்கள். லாக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு டி'சில்வா என்ற பெயரைத் தேடுங்கள். எமியுலேட் ட்ரூ என்றால் லாக்கில் குவெரி என்று ஒரே ஒரு வரி. அதற்குள் பெயர் மேற்கோளுக்குள் இருக்கும், நடுவில் உள்ள மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு விழுந்திருக்கும். அந்தச் சாய்கோடு பிடிஓ போட்டது. இப்போது ஃபால்ஸ் ஆக்கிவிட்டு அதே பெயரைத் தேடுங்கள். முதலில் பிரிப்பேர் என்று ஒரு வரி, அதில் பெயர் இல்லை, கேள்விக்குறிதான். அடுத்து எக்ஸிகியூட் என்று ஒரு வரி. கடைசியில் க்ளோஸ் ஸ்டேட்மென்ட். எக்ஸிகியூட் வரியில் பெயர் நிரப்பிக் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது ஆள் வாசிக்க வசதியாக லாக் எழுதுவது. கம்பியில் மதிப்பு தனியாகத்தான் போனது.

பார்த்து முடிந்ததும் ஜெனரல்_லாக்கை 0 ஆக்கிவிடுங்கள். ஓடுகிற சேர்வரில் இதைத் திறந்து வைத்தால் கோப்பு வீங்கும், விருந்தினரின் விபரம் எல்லாம் அதில் விழும்.


மூதூர்_நிலா:

சேர், இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை. இப்போதே போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே மூன்று வரிகள்.

ஒரு சந்தேகம். எமியுலேட்டில் பிடிஓவே சாய்கோடு போட்டு ஒட்டுகிறது என்றால், அது ரியல்_எஸ்கேப்_ஸ்ட்ரிங் செய்கிற வேலைதானே? அப்படியென்றால் பழைய ஆட்கள் சொல்வதில் என்ன பிழை?


ஓர்ஸ்ஹில்_வாத்தியார்:

வேலை அதேதான் தங்கச்சி. யார் செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம். எமியுலேட்டில் தப்பிக்க வைப்பதும் மேற்கோள் போடுவதும் சேர்ந்தே நடக்கும், ஓர் இடமும் விடுபடாது. கையால் செய்தால் நாற்பது இடத்தில் செய்ய வேண்டும், ஓர் இடத்தில் மறந்தால் போதும்.

மறக்காவிட்டாலும் ஓட்டை உண்டு. அறை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எண் என்பதால் மேற்கோள் போடாமல் அறை = என்று எழுதி மதிப்பை ஒட்டியிருப்பார்கள். அங்கே யாராவது 5 ஓர் 1=1 (ஓர் என்பது எஸ்கியூஎல்லில் 'அல்லது', 1=1 எப்போதும் உண்மை) என்று அனுப்பினால் அதில் தப்பிக்க வைக்க வேண்டிய எழுத்தே இல்லை. ரியல்_எஸ்கேப்_ஸ்ட்ரிங் அதைத் தொடாமல் அப்படியே விடும், எல்லா நிரைகளும் வெளியே வரும். ஆளுக்குத் தான் பாதுகாப்பாக எழுதியிருக்கிறேன் என்ற நினைப்பு வேறு. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

மைஎஸ்கியூஎல்_ என்று தொடங்கும் அந்தப் பழைய செயற்பாடுகள் பிஎச்பி 5.5 இலேயே கைவிடப்பட்டவை, 2015 இல் வந்த 7.0 இல் இல்லாமலே போயின. இன்னும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறவர்களிடம் பிள்ளைகளை விடாதீர்கள்.


சாம்பல்தீவு_சேர்வர்:

வாத்தியார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எமியுலேட் பாதுகாப்பாக இருக்க எழுத்துக்குறி முறை சரியாக இருக்க வேண்டும். இணைப்பு வரியிலேயே, தரவுத்தளப் பெயருக்குப் பக்கத்தில், சார்செட் என்பதற்கு யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். சிலர் அதை விட்டுவிட்டு, இணைந்த பிறகு செட் நேம்ஸ் என்று ஒரு வினவல் ஓட விடுகிறார்கள். அது சேர்வருக்கு மட்டும்தான் தெரியும், பிஎச்பி பக்கத்தில் இருக்கும் டிரைவருக்குத் தெரியாது. டிரைவர் ஒரு முறையில் சாய்கோடு போடும், சேர்வர் இன்னொரு முறையில் வாசிக்கும். ஜிபிகே போன்ற சீன எழுத்து முறையில் இந்த இடைவெளிக்குள்ளால் உள்ளே வரலாம். சாய்கோட்டைத் தனக்குள் விழுங்கி ஒரே எழுத்தாக மாறும் பைட்டுகள் அதில் உண்டு. யூடிஎஃப்8 இல் அது நடக்காது.

பிஎச்பி 5.3.6 க்கு முன்னால் இணைப்பு வரியில் சார்செட் எழுதினால் அதை எடுக்கவே எடுக்காது. அதனால்தான் பழைய பாடங்களில் செட் நேம்ஸ் இருக்கும். இப்போது அதற்குத் தேவையில்லை.

எங்களுக்கு இது இன்னும் முக்கியம். திருகோணமலை என்று எழுதினால் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பத்துக் குறி, ஏனென்றால் தி, ரு, கோ, லை நான்கும் இரண்டு இரண்டாகச் சேர்ந்தவை. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 30 பைட். வார்சார் 10 (பத்துக் குறி வரை) என்று வைத்த நிரலில் மட்டுமட்டாக அடங்கும். பெயர் நிரலை ஆங்கிலப் பெயரை நினைத்து 20 என்று வைத்தவர்கள் தமிழ்ப் பெயர் வந்ததும் மாட்டுவது இதனால்தான். மூன்று பைட்டோடு நிற்கும் பழைய யூடிஎஃப்8 தமிழுக்கும் சிங்களத்துக்கும் போதும். ஆனால் விருந்தினர் குறிப்பில் ஒரு சிரிப்பு முகம் போட்டால் அதற்கு நான்கு பைட் வேண்டும். எம்பி4 போடுங்கள்.

சரி, இனி என் கட்சி. தம்பி, பகிர்ந்த ஹோஸ்டிங் என்றால் எமியுலேட்டை ட்ரூவாகவே விடுங்கள். நான் சேர்வர் பார்க்கிறவன். ஒரே மைஎஸ்கியூஎல்லில் கணக்கில்லாத தளங்கள் இருக்கும். அட்டவணைகள் கனக்க, அவற்றின் அமைப்பை நினைவில் வைக்கும் டேபிள்_டெஃபினிஷன்_கேஷ் சிறிது. அப்படி இருக்கும்போது 1615 என்று ஒரு பிழை வரும், தயார் செய்த வினவலைத் திரும்பத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லும். கோட்டில் ஒரு பிழையும் இருக்காது, வாடிக்கையாளர் கோட் எழுதியவரைத்தான் பிடிப்பார். அந்த செட்டிங்கை மாற்ற உங்களுக்கு அனுமதியும் இருக்காது.

இன்னொன்று 1461. தயார் செய்து மூடாத வினவல்களுக்கு முழுச் சேர்வருக்கும் ஓர் உச்சம் உண்டு, வழமையாக 16382. நிலையான இணைப்பைத் திறந்து வைத்து வினவல்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தளம் இருந்தால் பக்கத்துத் தளத்துக்கும் அடி விழும். எமியுலேட்டில் இந்த இரண்டும் கிடையாது.


கிண்ணியா_நானா:

சாம்பல்தீவு அண்ணனோடு எனக்கு இதில் உடன்பாடில்லை. 1615 வருவது சில சேர்வரில். அதற்காக எல்லோரும் எமியுலேட்டில் இருக்க வேண்டுமா? ஃபால்ஸ் போட்டால் பிழை பிரிப்பேர் வரியிலேயே பிடிபடும். அட்டவணைப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அங்கேயே தெரியும். எமியுலேட்டில் எக்ஸிகியூட் வரைக்கும் போன பிறகுதான் தெரியும். கோட் எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு முதலாவதுதான் நல்லது.

வேகம் குறையும் என்றும் பயப்பட வேண்டாம். ஒரு வினவலுக்கு ஒரு தடவை கூடுதலாகப் போய்வர வேண்டும், உண்மைதான். பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் ஒரே பெட்டியில் இருக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. வீட்டு லேப்டொப்பில் இருந்து வெளிநாட்டுத் தரவுத்தளத்துக்கு நேரே இணைகிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

அத்தோடு, எமியுலேட்டில் வினவலுக்குள் கேள்விக்குறி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது பிடிஓவின் வேலை. 8.4 வரும் வரைக்கும் எல்லாத் தரவுத்தளத்துக்கும் ஒரே தேடும் முறைதான். 8.4 இல்தான் டிரைவருக்கு ஏற்றமாதிரிப் பிரித்தார்கள். சேர்வரே வாசித்தால் அந்த ஐயம் இல்லை.


சாம்பல்தீவு_சேர்வர்:

நானா, சொந்தச் சேர்வர் என்றால் நானும் ஃபால்ஸ்தான் போடுவேன். அதில் பேச்சில்லை. தம்பியிடம் இருப்பது யாரோ ஒருவரின் பகிர்ந்த சேர்வர். அங்கே சீசன் நேரம், வெள்ளி இரவு, 1615 வந்தால் யார் எழுந்து பார்ப்பது? நான் சொல்வது அந்த ஒரு நிலைமைக்கு.


மூதூர்_நிலா:

அண்ணாமார் இரண்டு பேரும் சொல்வதில் எது என்றாலும், தம்பி கவனிக்க வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். லேப்டொப்பில் ஒன்று, சேர்வரில் இன்னொன்று இருப்பதுதான் ஆபத்து. நான் மீன் கொள்வனவுக் கணக்கு ஒன்றைப் பார்க்கிறேன், தோணி வாரியாக எடை, விலை, கொடுத்த முற்பணம். அதை 7.4 இல் இருந்து 8.1 க்கு மாற்றிய அன்று கணக்கு முடிந்த தோணிகள் எல்லாம் முடியாததாகக் காட்டின.

காரணம் இதுதான்: எமியுலேட் இருக்கும்போது 8.0 வரைக்கும் மைஎஸ்கியூஎல்லில் இருந்து எண்ணும் எழுத்துச்சரமாகத்தான் வரும். 8.1 இல் இருந்து எண் எண்ணாகவே வருகிறது. பழைய கோட்டில் மூன்று சமன்குறி போட்டு '1' என்ற எழுத்துச்சரத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். எண் வந்ததும் எதுவும் பொருந்தவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

தம்பியின் லேப்டொப்பில் எமியுலேட் இல்லை, பதிப்பும் 8.2. சேர்வரில் எமியுலேட் இருக்கிறது, 7.4. அங்கே பொருந்துவது இங்கே பொருந்தாது. ஒப்பிடும் இடங்களைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, எக்ஸிகியூட்டுக்குள் ஃபால்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் அது ஓர் எழுத்தும் இல்லாத வெற்று எழுத்துச்சரமாக மாறும். எண் நிரலுக்குள் வெற்று எழுத்துச்சரம் போனால் கண்டிப்பு முறையில் (ஸ்ட்ரிக்ட் மோட்) மைஎஸ்கியூஎல் மறுக்கும். காலை உணவு வேண்டுமா இல்லையா என்ற பெட்டி உங்கள் படிவத்தில் இருந்தால் இன்ட் ஆக மாற்றி அனுப்புங்கள்.


ஓர்ஸ்ஹில்_வாத்தியார்:

நிலா சொன்னதுதான் இந்த இழையின் நடு மையம். எமியுலேட் ட்ரூ ஃபால்ஸ் என்று கதைத்துக்கொண்டிருப்பதை விட, எதையும் இயல்புநிலைக்கு விடாமல் இருப்பதுதான் தேவை. இயல்புநிலை பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பிழை முறையைப் பாருங்கள்: 2020 இல் வந்த 8.0 க்கு முன் பிடிஓ பிழை வந்தாலும் ஒன்றும் சொல்லாது, ஃபால்ஸ் மட்டும் திருப்பித் தரும். 8.0 இல் இருந்து எக்ஸெப்ஷன் எறியும், அதாவது ஓட்டத்தை நிறுத்திப் பிழையைச் சொல்லும். உங்கள் சேர்வரில் பட்டியல் பிழை சொல்லாமல் வெறுமையாக வந்ததன் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இணைப்பு ஒரே ஒரு கோப்பில் இருக்கட்டும். இணைப்பு வரியில் சார்செட். விருப்பங்களில் ஏடிடிஆர்_எர்மோட் என்பதற்கு எர்மோட்_எக்ஸெப்ஷன். ஏடிடிஆர்_டிஃபோல்ட்_ஃபெட்ச்_மோட் என்பதற்கு ஃபெட்ச்_அசோக், நிரைகள் நிரல் பெயரோடு வர. எமியுலேட்டுக்கு ட்ரூவோ ஃபால்ஸோ, எழுதியே இருக்க வேண்டும். அந்தக் கோப்பு லேப்டொப்பிலும் சேர்வரிலும் ஒன்றாக இருக்கட்டும், கடவுச்சொல்லை மட்டும் வெளியே தனிக் கோப்பில் வையுங்கள்.

அதை விடப் பெரிது: 7.4 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. விருந்தினரின் கடவுச்சீட்டு எண்ணை வைத்திருக்கும் மென்பொருள் அதில் ஓடக் கூடாது. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் பதிப்பை மாற்ற இடம் இருக்கும், பாருங்கள்.


அலஸ்தோட்டம்_பிள்ளை:

எல்லோருக்கும் பெரிய நன்றி. சேர் சொன்னபடி ஒரே கோப்பாக்கினேன். பலகையில் 8.2 இருந்தது, மாற்றிவிட்டேன். இப்போதைக்கு ஃபால்ஸ் போட்டிருக்கிறேன், 1615 வந்தால் சாம்பல்தீவு அண்ணன் சொன்னபடி ட்ரூ ஆக்குவேன். லிமிட்டை நானா சொன்னபடி மாற்றியதால் எப்படி இருந்தாலும் ஓடும்.

ஆனால் ஃபால்ஸ் போட்டதும் தேடும் பக்கம் விழுந்துவிட்டது. பெயரிலோ தொலைபேசியிலோ தேடுகிற இடம். ஆங்கில எழுத்தில் :தேர்ம் என்ற ஒரே பெயரை இரண்டு லைக்குக்கும் (பகுதி பொருந்தினாலும் தேடித் தரும் ஒப்பீடு) வைத்திருக்கிறேன். எச்ஒய்093, மதிப்புகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்கிறது.

பிறகு, அட்டவணைத் தலைப்பைத் தட்டினால் அந்த நிரலின்படி வரிசைப்படுத்த ஓர்டர் பை கேள்விக்குறி என்று வைத்தேன். பிழை வரவில்லை, ஆனால் வரிசையும் மாறவில்லை.


கிண்ணியா_நானா:

முதலாவது லேசு. எமியுலேட் இருந்தால் ஒரே பெயரை எத்தனை இடத்திலும் வைக்கலாம், பிடிஓவே எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். சேர்வரில் தயார் செய்யும்போது ஒரு பெயர் ஓர் இடத்துக்குத்தான். :தேர்ம்1, :தேர்ம்2 என்று வைத்து அதே மதிப்பை இரண்டுக்கும் கொடுங்கள். விழுக்காட்டுக் குறியை வினவலில் எழுத வேண்டாம், மதிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

இரண்டாவதைத்தான் வடிவாகக் கவனிக்க வேண்டும். கேள்விக்குறியில் மதிப்பு மட்டும்தான் போகும். அட்டவணைப் பெயர், நிரல் பெயர், ஏறுவரிசை இறங்குவரிசை எதுவும் போகாது. ஓர்டர் பை கேள்விக்குறி என்றால் சேர்வர் அதை ஒரு நிலையான சொல்லாகத்தான் எடுக்கும். எல்லா நிரைக்கும் ஒரே சொல், பிறகு எதை வரிசைப்படுத்துவது? அதனால்தான் பிழையும் இல்லை, வரிசையும் இல்லை.

இங்கேதான் நல்ல பிள்ளைகளும் வழுக்குவார்கள். பிரிப்பேர் போட்டாயிற்று, நிரல் பெயரை மட்டும் ஒட்டினால் என்ன என்று முகவரியில் வந்ததை அப்படியே ஒட்டுவார்கள். அந்த ஓர் இடம் போதும், பழைய ஓட்டை திரும்ப வந்துவிடும். அனுமதித்த பெயர்களை ஒரு வரிசையில் எழுதி வையுங்கள்: வருகைத் திகதி, பெயர், அறை. வந்தது அதில் இருந்தால் வரிசையில் உள்ளதை எடுத்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வருகைத் திகதி. விருந்தினர் அடித்த எழுத்து ஒன்றும் வினவலின் உடம்புக்குள் போகக் கூடாது.


உப்புவெளி_அலை:

நானும் இந்த இழையை வாசித்துத்தான் பிடிஓ பழகுகிறேன். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தேன், டொலர் குறி போட்டு பெயர், அறை என்று, ஓடுகிறது. வினவலுக்குள்ளும் :பெயர் என்று தமிழில் வைத்தால் மட்டும் 1064 வருகிறது. ஏன்?


ஓர்ஸ்ஹில்_வாத்தியார்:

மாறிப் பெயரில் தமிழ் எழுத்தைப் பிஎச்பி ஏற்கும். பிடிஓ பிளேஸ்ஹோல்டரை (மதிப்புக்கு இடம்பிடிக்கும் குறியை) தேடும்போது முக்காற்புள்ளிக்குப் பிறகு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டும்தான் பெயராக எடுக்கும். தமிழ்ப் பெயர் அதன் கண்ணுக்குப் படாது, அப்படியே மைஎஸ்கியூஎல்லுக்குப் போய்ப் பிழையாகத் திரும்பும். அந்த ஓர் இடத்தில் ஆங்கில எழுத்து வையுங்கள், அல்லது கேள்விக்குறி வையுங்கள். மாறிகளைத் தமிழில் வைப்பதை விட வேண்டாம், வாசிக்க நன்றாக இருக்கிறது.


சாம்பல்தீவு_சேர்வர்:

தம்பி, திரையில் வினவல் கொட்டிய கதையை யாரும் தொடவில்லை. சேர்வரில் பிழையைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே_எர்ரர்ஸ் நிறுத்தியிருக்க வேண்டும், லாக்_எர்ரர்ஸ் திறந்திருக்க வேண்டும். இணைப்பே விழுந்தால் வரும் எக்ஸெப்ஷனின் தடத்தில் பழைய பதிப்புகளில் கடவுச்சொல்லும் சேர்ந்தே அச்சாகும். 8.2 இல் அதை மறைத்துவிட்டார்கள், ஆனாலும் விருந்தினருக்கு அது எதற்கு? 'இப்போது பதிய முடியவில்லை, அழைக்கவும்' என்று விடுதியின் எண்ணைப் போடுங்கள். மற்றதெல்லாம் லாக்குக்குப் போகட்டும்.

தரவுத்தளப் பயனருக்கு முழு உரிமையும் கொடுத்திருக்கிறீர்களா? முன்பதிவுக்கு வாசிக்க, சேர்க்க, மாற்ற, அழிக்கப் போதும். அட்டவணையையே தூக்கும் உரிமை அந்தப் பயனருக்கு வேண்டாம்.


அலஸ்தோட்டம்_பிள்ளை:

எல்லாம் செய்துவிட்டேன். டி'சில்வா என்று அடித்து, பதிந்து, தேடி, வரிசைப்படுத்தி, எல்லாம் வருகிறது. விடுதிக்காரருக்கும் காட்டினேன்.

கடைசியாக ஒன்று. பழைய சீசன்களின் பதிவு எல்லாம் எக்செல்லில் இருக்கிறது, அதை உள்ளே ஏற்ற வேண்டும். லூப்புக்குள் பிரிப்பேர், எக்ஸிகியூட் என்று எழுதியிருக்கிறேன். மெதுவாகப் போகிறது.


கிண்ணியா_நானா:

பிரிப்பேரை லூப்புக்கு வெளியே எடுங்கள். ஒரு தடவை தயார், பிறகு உள்ளே எக்ஸிகியூட் மட்டும். ஃபால்ஸ் போட்டதன் பலன் இங்கேதான் உண்மையில் தெரியும், சேர்வர் வினவலை ஒரு முறைதான் வாசிக்கும்.

அதை விட வேகம் தருவது பல நிரைகளை ஒரே தொகுதியாக எழுதும் பிகின்_டிரான்ஸாக்ஷன். லூப்புக்கு முன்னால் தொடங்கி, முடிந்ததும் கொமிட் செய்து உறுதிப்படுத்துங்கள். இப்போது ஒவ்வொரு நிரையும் தனித்தனியாக வட்டில் எழுதப்படுகிறது, அதனால்தான் இழுக்கிறது. நடுவில் ஒரு நிரையில் பிழை வந்தால் ரோல்பேக் செய்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்கலாம், பாதி ஏறியது பாதி ஏறாதது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு முன் அட்டவணை எந்த எஞ்சினில் (சேமிக்கும் முறையில்) இருக்கிறது என்று பாருங்கள். பழைய மென்பொருள் என்றால் மைஐஸமாக இருக்கலாம். அதில் டிரான்ஸாக்ஷன் இல்லை, ரோல்பேக் செய்தாலும் ஏறியது ஏறியதுதான்.


அலஸ்தோட்டம்_பிள்ளை:

ஓம் நானா, முன்பதிவு அட்டவணை மைஐஸம்தான். டிரான்ஸாக்ஷன் உள்ள இன்னோடிபிக்கு மாற்றிவிட்டு இன்று இரவு ஓட விடுகிறேன்.


சாம்பல்தீவு_சேர்வர்:

மாற்ற முன் ஒரு டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்) எடுத்து லேப்டொப்பில் இறக்கி வையுங்கள். எடுத்ததை வேறொரு வெறும் தரவுத்தளத்தில் ஏற்றி, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகாமல் வருகிறதா என்று பார்த்த பிறகு தொடங்குங்கள்.